சின்ன ஸ்டேஷனில் பாசஞ்சர் வண்டி: எடுக்கிற படமெல்லாம் ஒரே மாதிரி வருகிறதே?

#1 உப்பளக்காற்று

எல்லோருக்கும் வணக்கம். ஊர் திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஒரு வருடமாக லீவு கிடைக்கும் நாட்களில் எங்கள் பக்கத்துச் சின்ன ஸ்டேஷன்களுக்குப் போய் டெமு வண்டியை (தனி இன்ஜின் இல்லாத டீசல் பாசஞ்சர்) படம் எடுத்து வருகிறேன். திருவாரூர் – காரைக்குடி பாதையில் தில்லைவிளாகம், முத்துப்பேட்டை. அகஸ்தியம்பள்ளி கிளைப் பாதையில் நெய்விளக்கு, தோப்புத்துறை. கையில் இருப்பது பழைய கேனான் 1300டி, அதோடு வந்த 18-55 லென்ஸ், செகண்ட் ஹேண்டில் வாங்கிய 55-250.

நேற்று ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தேன். நானூறு படத்துக்கு மேல் இருக்கிறது, ஆனால் எல்லாம் ஒரே படம். நடுவில் வண்டியின் முகம், கீழே தண்டவாளம், மேலே வெளுத்த வானம். எந்த ஸ்டேஷன், எந்த மாதம் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

இதை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன் என்றால், இந்த வண்டி எங்களுக்குச் சும்மா கிடைக்கவில்லை. வேதாரண்யம் பக்கம் மீட்டர்கேஜ் (பழைய குறுகிய பாதை) வண்டி நின்ற பிறகு, ஊரில் ரயிலையே பார்க்காமல் பிள்ளைகள் பள்ளிப் படிப்பை முடித்தார்கள். அகஸ்தியம்பள்ளிக்கு அகலப் பாதையில் வண்டி வந்தது 2023 ஏப்ரலில்தான். மொத்தம் 37 கிலோமீட்டர். அதற்காக எத்தனை வருடம் மனு கொடுத்திருக்கிறோம்! அந்த வண்டி என் படத்தில் எந்த ஊர் வண்டியாகவும் இருக்கலாம் என்பதுபோல் நிற்பது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. எதை மாற்ற வேண்டும்? லென்ஸா, நானா?

#2 மீட்டர்கேஜ் மனிதன்

தம்பி, லென்ஸை விடுங்கள். 18-55 போதும். முதலில் வெயிலைப் பார்ப்போம்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து முத்துப்பேட்டை வரை பாதை தென்மேற்காக இறங்குகிறது. காலையில் அந்தப் பக்கம் போகிற வண்டிக்கு வெயில் முதுகில் அடிக்கும், முகம் நிழலில் இருக்கும். நிழலில் இருக்கிற முகத்தைத் தெளிவாக எடுக்கப் போனால் அதற்குப் பின்னால் வானம் வெளுத்துத்தான் போகும். உங்கள் வெள்ளை வானத்துக்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

டெமுவுக்கு இரண்டு முனையிலும் டிரைவர் கேபின் உண்டு, முன்னும் பின்னும் ஒரே முகம். ஆகவே வண்டி வரும்போது அவசரப்படாதீர்கள். நின்று, ஆட்கள் ஏறி இறங்கி, புறப்பட்டுப் போகட்டும். அப்போது பின்பக்கத்து முகத்தில் முழு வெயில் விழும். சிவப்பு விளக்கு, கடைசிப் பெட்டி என்பதற்கான 'எல்வி' பலகை, பச்சைக் கொடியோடு எட்டிப் பார்க்கும் கார்டு எல்லாம் அங்கேதான். (2022 முதல் அவருக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர். எனக்கு இன்னும் கார்டுதான் வாயில் வருகிறது.) போகிற வண்டியை எடுப்பது மட்டம் என்று ஒரு எண்ணம் ரயில் படக்காரர்களிடம் இருக்கிறது. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சின்ன ஊரில் வண்டி வருவதைவிடப் போவதைத்தான் எல்லோரும் நின்று பார்க்கிறார்கள்.

கிளைப் பாதையில் கணக்கு வேறு. அது தென்கிழக்காகப் போகிறது. காலையில் அகஸ்தியம்பள்ளி நோக்கி வரும் வண்டியின் முகத்தில் வெயில் விழும். சாயங்காலம் திரும்பும் வண்டிக்கும் அப்படியே. வரும்போது எடுக்க வேண்டுமென்றால் அங்கே போங்கள்.

மாதத்தையும் கவனியுங்கள். ஆனி மாதம் சூரியன் வடகிழக்கே உதிக்கும், தில்லைவிளாகம் பாதை ஓடுகிற திசையிலேயே ஏறக்குறைய வெயில் வரும். மார்கழியில் தென்கிழக்கே போய்விடும், வெயில் தண்டவாளத்துக்குக் குறுக்காக விழும். அப்போது தென்கிழக்குப் பக்கம் நின்றால் எல்லாப் பெட்டியும், எல்லா ஜன்னலும், ஜன்னலில் இருக்கிற கையும்கூடத் துலங்கும். மார்கழிக் காலை ஏழரை மணி வெயிலுக்கு நிகரில்லை.

#3 செல்போன் சேகரன்

நடுவில் ஒரு சந்தேகம். நான் போனில் எடுக்கிறேன். வண்டி முகப்பில் எல்இடியில் ஓடும் ஊர்ப் பெயர் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது, படத்தில் பாதி எழுத்துதான் வருகிறது. போன் கோளாறா?

#4 மீட்டர்கேஜ் மனிதன்

போன் சரியாகத்தான் இருக்கிறது. அந்த விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எரிவதில்லை. வரிசை வரிசையாக மிக வேகமாக மாறி மாறி எரிகின்றன, நம் கண் அதைச் சேர்த்து ஒரே எழுத்தாகப் பார்க்கிறது. வெயில் நேரத்தில் போன் தானாகவே 1/1000, 1/2000 நொடி என்று ஷட்டர் வேகத்தைக் கூட்டிவிடும். அந்தக் கணத்தில் எரிந்த வரிசை மட்டும் பதியும். புரோ மோடு இருந்தால் 1/100 அல்லது அதற்கும் கீழே வையுங்கள், ஐஎஸ்ஓவைக் குறைந்தபட்சத்துக்கு இறக்குங்கள். நல்ல வெயிலில் அதற்கும் படம் வெளுத்தால் நிழல் விழும் நேரம்வரை காத்திருக்க வேண்டியதுதான். அந்த ஷட்டரில் ஓடுகிற வண்டி கலங்கிவிடும், அதனால் வண்டி நின்ற பிறகு எடுங்கள். பாசஞ்சர் வண்டியில் நமக்குள்ள வசதியே அதுதான், நம் ஸ்டேஷனில் அது நிற்கும்.

#5 வெட்டாறு

நான் ஒரு வருத்தத்தைப் பதிவு செய்கிறேன். போன தை மாதம் ஒரு ஸ்டேஷனில் (பெயர் வேண்டாம்) பெஞ்சில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தேன். சீருடையில் ஒருவர் வந்து கேமராவை வாங்கி ஒவ்வொரு படமாகப் பார்த்தார், எதற்கு எடுக்கிறாய் என்று பத்து நிமிடம் கேட்டார். பக்கத்தில் என் மகன் நின்றுகொண்டிருந்தான். அதிலிருந்து கேமராவை எடுத்துப் போவதில்லை. போனில் யாருக்கும் தெரியாமல் எடுத்துவிட்டு வந்துவிடுகிறேன். உப்பளக்காற்று, நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

#6 பாயிண்ட்ஸ்மேன் மகள்

வெட்டாறு அண்ணா, பிள்ளை முன்னால் அப்படி நடந்தது வேதனைதான். ஆனால் மறைந்து எடுப்பதுதான் சந்தேகத்தை வளர்க்கும். நான் எந்த ஸ்டேஷனுக்குப் போனாலும் முதலில் ஸ்டேஷன் மாஸ்டர் அறை வாசலில் நிற்பேன். வணக்கம் சொல்லி, இன்ன ஊர், ரயில் படம் எடுக்கும் பழக்கம், பிளாட்ஃபாரத்தை விட்டு இறங்க மாட்டேன் என்று சொல்லிவிடுவேன். வேண்டாம் என்றால் திரும்பி வந்துவிடுவேன். எனக்கு அப்படி நடந்தது இரண்டே முறை. மற்ற இடங்களில் வண்டி எவ்வளவு தாமதம், எந்த லைனில் வருகிறது என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

டிக்கெட் கையில் இருக்கட்டும். பிளாட்ஃபாரம் டிக்கெட் பத்து ரூபாய், இரண்டு மணி நேரம் செல்லும். பாசஞ்சரில் குறைந்தபட்சக் கட்டணமும் பத்து ரூபாய்தான். (கொரோனாவுக்குப் பிறகு முப்பது ரூபாயாக இருந்ததை 2024 பிப்ரவரியில் மறுபடி பத்தாக்கினார்கள்.) அதனால் நான் அடுத்த ஸ்டேஷனுக்கு டிக்கெட் எடுத்துவிடுவேன். மனம் இருந்தால் ஏறிப் போகவும் செய்யலாம், ஸ்டேஷனுக்கும் ஒரு டிக்கெட் கணக்கில் சேரும். சின்ன ஸ்டேஷனுக்கு அந்தக் கணக்கு முக்கியம். கல்யாண ஷூட், விளம்பரம், சினிமா என்றால் முன்னாலேயே ரயில்வேயிடம் அனுமதி வாங்க வேண்டும், அது வேறு விஷயம். டிரோன் வேண்டவே வேண்டாம்.

#7 ஓய்வுபெற்ற லோகோ பைலட்

இந்த இழையைப் பேரன் காட்டினான். கேபினிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் சில வார்த்தைகள்.

வண்டி அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்றால் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். எமர்ஜென்சி பிரேக் போட்டாலும் பல நூறு மீட்டர் தள்ளித்தான் நிற்கும். பிளாட்ஃபாரம் ஓரத்தில் ஒருவர் கேமராவைக் கண்ணில் வைத்துக் குனிந்து நின்றால், அவருக்கு நம்மைத் தெரிகிறதா என்று எங்களுக்குத் தெரியாது. அந்த நாலைந்து நொடி நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஹாரன் அடிப்போம், அவர் நகர்வார். நகராதவர்களையும் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் அதை எழுத விருப்பமில்லை.

தண்டவாளத்தில் இறங்குவது ரயில்வே சட்டம் 147ஆவது பிரிவில் குற்றம். ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தை விடுங்கள், சூம் லென்ஸில் பார்க்கும்போது தூரம் தெரியாது. வண்டி தள்ளி இருப்பதுபோலவே இருக்கும், திடீரென்று பக்கத்தில் வந்து நிற்கும். மஞ்சள் கோட்டைத் தாண்டாமல் உள்ளே நில்லுங்கள். ஒரு கண்ணைக் கேமராவில் வைத்தாலும் இன்னொரு கண் திறந்தே இருக்கட்டும். இரவில் பிளாஷ் கூடவே கூடாது. அது கண்ணில் அடித்தால் அடுத்த சிக்னல் என்ன நிறம் என்று தெரிய ஒரு கணம் ஆகும்.

அப்புறம் ஒன்று. மஞ்சள் கோட்டுக்கு உள்ளே நின்று கை அசைத்தவர்களுக்கு நான் எப்போதும் ஹாரனில் ஒரு சின்னச் சத்தம் கொடுத்திருக்கிறேன். அந்தப் படங்களில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. யாரிடமாவது இருக்கும்.

#8 கடைசிப்பெட்டி

ஐயா, உங்கள் கடைசி வரியைப் படித்ததும் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடி எடுத்தேன்.

2019 ஜூன் முதல் தேதி திருவாரூர் – காரைக்குடி டெமு ஓடத் தொடங்கியது பலருக்கு நினைவிருக்கும். 149 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. காரணம் கேட்டுகள். வழியில் எழுபதுக்கு மேல் லெவல் கிராசிங், பெரும்பாலான கேட்டுகளுக்கு ஆள் போடவில்லை. அதனால் கேட்கீப்பர்கள் வண்டியிலேயே வந்தார்கள். கேட்டுக்கு முன்னால் வண்டி நிற்கும். முன்பெட்டியிலிருந்து ஒருவர் இறங்கி ஓடிப்போய்க் கேட்டைப் பூட்டுவார். வண்டி கேட்டைத் தாண்டி மறுபடி நிற்கும். பின்பெட்டியிலிருந்து ஒருவர் இறங்கிக் கேட்டைத் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறுவார். அடுத்த கேட்டிலும் இதே வேலை.

அந்தச் சமயத்தில் நான் எடுத்தவற்றில் இன்ஜின் முகம் உள்ள படங்கள் எழுபது எண்பது இருக்கும். இப்போது பார்த்தால் ஒன்றுகூட எனக்கு எதுவும் சொல்லவில்லை. ஒரே ஒரு படம் வேறு. பட்டுக்கோட்டை தாண்டி ஒரு கேட், உச்சி வெயில். நான் கடைசிப் பெட்டி வாசலில் உட்கார்ந்திருந்தேன். கேட்டைத் திறந்துவிட்டு ஓடிவருகிறார் ஒருவர், ஒரு கையில் சாவி, இன்னொரு கையில் சுருட்டிய சிவப்புக் கொடி. வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது. பின்னால் கேட்டில் காத்திருந்த டிராக்டர் நகர்ந்துகொண்டிருக்கிறது, அதன் மேல் இருக்கும் பையன் அவருக்குக் கை காட்டுகிறான். போக்கஸ்கூடச் சரியில்லை. ஆனால் அந்தப் பாதையில் அந்த வருடம் வண்டி எப்படி ஓடியது என்று கேட்டால் நான் இந்தப் படத்தைத்தான் காட்டுவேன். இப்போது கேட்டுகளுக்கு ஆள் வந்துவிட்டார்கள். 2023 முதல் தாம்பரம் – செங்கோட்டை எக்ஸ்பிரஸும், 2025 ஏப்ரலிலிருந்து தாம்பரம் – ராமேஸ்வரம் வண்டியும் அதே பாதையில் போகின்றன. அந்த ஓட்டத்தை இனி யாரும் எடுக்க முடியாது.

#9 பாயிண்ட்ஸ்மேன் மகள்

கடைசிப்பெட்டி சொன்னதுதான் என் பதிலும். உப்பளக்காற்று, நீங்கள் ஸ்டேஷனுக்குப் போய் ஸ்டேஷனைப் பார்க்காமல் வந்துவிடுகிறீர்கள்.

அப்பா மீட்டர்கேஜ் காலத்தில் இந்தப் பக்கம் வேலை பார்த்தவர். எங்களுக்கு ஸ்டேஷன்தான் வீடு. ஒற்றைத் தடம் என்பதால் டிரைவர் கையில் டோக்கன் இல்லாமல் வண்டி அடுத்த ஸ்டேஷனுக்குப் போக முடியாது. பெரிய பிரம்பு வளையம், அடியில் தோல்பை, பைக்குள் இரும்பு உருண்டை, அதுதான் டோக்கன். நிற்காத வண்டிக்கு அப்பா அதைத் தூக்கிப் பிடித்தபடி நிற்பார். டிரைவர் தன்னிடம் இருப்பதைக் கீழே போட்டுவிட்டு, இதைக் கையை விட்டு மாட்டிக்கொண்டு போவார். ஓரிரு நொடிக்குள் முடிந்துவிடும். நானும் தம்பியும் ஆயிரம் முறை பார்த்திருப்போம். எங்களிடம் அதற்கு ஒரு படம்கூட இல்லை. வீட்டில் இருக்கும் ஒரே படம், இன்ஜினுக்கு முன்னால் அப்பா விறைத்து நிற்கும் படம். அதில் அவர் கை காலியாக இருக்கிறது.

அதனால் சொல்கிறேன், வண்டி வருவதற்கு அரை மணி முன்னால் போங்கள். டிக்கெட் கவுண்டர் ஜன்னலில் சில்லறை தேடும் கையைப் பாருங்கள். சிமெண்ட் பெஞ்சுக்கு மேல் புங்கமரம் கொட்டியிருக்கும். மஞ்சள் பலகையில் தமிழ், இந்தி, ஆங்கிலத்தில் ஊர்ப் பெயர், அடியில் கடல் மட்டத்திலிருந்து உயரம். நம் பக்கம் அது சில மீட்டர்தான், அந்த எண்ணே ஊரைச் சொல்லிவிடும். ஒற்றைத் தடத்தில் கிராசிங் விழுந்தால் விடாதீர்கள். எதிர் வண்டிக்காக டெமு லூப் லைனில் காத்துக்கிடக்கும், கால்மணி நேரம்கூட ஆகலாம். ஆட்கள் இறங்கிக் குழாயில் தண்ணீர் பிடிப்பார்கள், பிள்ளைகள் பிளாட்ஃபாரத்தில் ஓடுவார்கள், கார்டு இறங்கி நின்று ஸ்டேஷன் மாஸ்டரோடு பேசுவார்.

மனிதர்களை எடுத்தால் கேட்டுவிட்டு எடுங்கள். ஜன்னலோரம் தூங்கும் பெண்களை எடுக்கவே வேண்டாம். கேட்கும்போது சிலர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள், படத்தின் இயல்பு போய்விடும். போகட்டும். ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தால் தானாகத் திரும்ப வரும்.

#10 செங்கோட்டை சீனு

ஒரு மாற்றுக் கருத்து. எனக்கு வண்டிதான் முக்கியம். எந்த ஷெட் இன்ஜின், எத்தனை பெட்டி, என்ன நிறம் என்ற பதிவும் வேண்டும். எங்கள் செங்கோட்டை – புனலூர் மலைப்பாதையில் மீட்டர்கேஜ் வண்டியை 2010இல் நிறுத்தினார்கள். பகவதிபுரம், ஆரியங்காவு பக்கம் அன்று எடுத்த படங்களில் இன்ஜின் எண் தெளிவாகத் தெரிகிறவைதான் இன்று எங்களுக்குச் சான்று. எல்லோரும் பூக்கூடையையும் பெஞ்சையும் எடுத்துக்கொண்டிருந்தால் வண்டியை யார் எடுப்பது?

#11 பாயிண்ட்ஸ்மேன் மகள்

எடுங்கள் சீனு அண்ணே, எண்ணும் வேண்டும்தான். ஆனால் அவர் நானூறு எடுத்துவிட்டுக் கேட்கிறார். நானூற்றொன்றாவது அதே படம் எதற்கு?

#12 தென்னந்தோப்பு

பேராவூரணியிலிருந்து. என் வழி ரொம்பச் சாதாரணமானது. ஒரே இடம், ஒரே கோணம், வருடத்துக்கு நான்கு முறை. அவ்வளவுதான்.

2018இல் காரைக்குடி – பட்டுக்கோட்டை அகலப் பாதை முடிந்து வண்டி விட்டபோது முதல் படம். வண்டிக்குப் பின்னால் தென்னை அடர்ந்து வானமே தெரியாது. அதே வருடம் நவம்பர் 16 கஜா புயல். டிசம்பரில் போய் அதே இடத்தில் நின்றேன். வண்டிக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை, முறிந்த அடிமரங்களும் வெட்டவெளியும்தான். இரண்டு மைல் தள்ளியிருக்கும் கோயில் கோபுரம் தெரிந்தது. நான் அன்று கேமராவைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். அடுத்த வருடம் நட்ட கன்றுகள் முதலில் படத்திலேயே தெரியவில்லை. அப்புறம் தண்டவாளக் கல் உயரம், அப்புறம் படிக்கட்டு உயரம். இப்போது மட்டை ஜன்னலைத் தொடுகிறது. வண்டி மாறவேயில்லை, ஏழு வருடமாக அதே மாதிரி டெமுதான். தேதியை மட்டும் மறக்காமல் எழுதி வையுங்கள்.

#13 மீட்டர்கேஜ் மனிதன்

தென்னந்தோப்பு, அந்தப் படங்களை வரிசையாக இங்கே போடுங்கள், காத்திருக்கிறேன்.

உப்பளக்காற்றுக்கு இன்னொன்று. உங்கள் பெயரிலேயே உப்பளம் இருக்கிறது, அதனால் அகஸ்தியம்பள்ளி பற்றி. 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து கிளம்பி நடந்து வந்த ராஜாஜியும் தொண்டர்களும் 30ஆம் தேதி உப்பு அள்ளிய இடம். அங்கே உப்பு வெள்ளையைக் கேமரா தப்பாகக் கணக்குப் போடும், எல்லாவற்றையும் சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷரை (வெளிச்ச அளவை) முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் கூட்டி வையுங்கள். மழைக்கு முன்னால் உப்பு அம்பாரங்களைப் பனையோலை போட்டு மூடுவார்களே, அப்போது போனால் இந்தத் தொந்தரவு பாதி குறையும். படமும் நன்றாக இருக்கும்.

#14 உப்பளக்காற்று

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

முதல் நாள் தில்லைவிளாகம் போய்க் கேமராவைப் பையை விட்டு எடுக்கவே இல்லை. அக்கா சொன்னபடி முன்னாலேயே போய் உட்கார்ந்தேன். ஒரு வருடமாகப் போகிற ஸ்டேஷனில் எனக்குத் தெரியாதது எவ்வளவு இருந்தது என்று அன்றுதான் தெரிந்தது. தினமும் திருத்துறைப்பூண்டியில் பூ வாங்கிக்கொண்டு காலை வண்டியில் வந்து இறங்கும் ஒரு அம்மாவைப் பார்த்தேன். ராமர் கோயில் வாசலில் விற்பவர். கூடைமேல் ஈரச் சாக்கு, அதன் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. வண்டியைவிட்டு இறங்கியதும் கூடையைக் கீழே வைத்து, சாக்கைத் தூக்கி ஒருமுறை பார்த்துவிட்டு, அப்புறம்தான் சும்மாட்டைச் சுற்றினார்.

அடுத்த முறை அவரிடம் கேட்டேன். "வண்டி போகட்டும், அப்புறம் எடு" என்றார். நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். படம் கீழே இருக்கிறது. வலது பக்கம் அவர் குனிந்து சாக்கைத் தூக்கிப் பார்க்கிறார், பிளாட்ஃபாரத்தில் சொட்டிய ஈரம் கறுப்பாகக் கோடு போட்டிருக்கிறது. இடது பக்கம் வண்டி போய்க்கொண்டிருக்கிறது. வெயில் முழுவதும் கடைசிப் பெட்டியின் முகத்தில். கார்டின் கொடி பாதி விரிந்திருக்கிறது. பலகையில் 'தில்லை' வரைதான் தெரிகிறது, மிச்சத்தைக் கூடை மறைத்துவிட்டது.

படத்தைப் பிரிண்ட் போட்டு அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். ஸ்டேஷன் அறையிலும் ஒன்று கொடுத்தேன். லோகோ பைலட் ஐயா, முகவரியைத் தனிமடலில் அனுப்புங்கள், உங்களுக்கும் ஒரு பிரதி.

#15 செங்கோட்டை சீனு

நல்ல படம் தம்பி. பெரிதாக்கிப் பார்த்தேன், பெட்டி எண்ணும் தெரிகிறது. ஷட்டர் எவ்வளவு வைத்தீர்கள்?

#16 உப்பளக்காற்று

1/250, எஃப் 8, ஐஎஸ்ஓ 200, 18-55 லென்ஸில் 24இல். இரண்டே படம்தான் எடுக்க முடிந்தது அண்ணே. பூ வாடிவிடும் என்று அவர் கிளம்பிவிட்டார்.